கையால் யந்திரம் செய்யக் கற்போம்: தொடக்கப் பாடம்



நமது ஊர்ப் பிள்ளைகள் சிலர், "ரோபோ செய்ய ஆசைப்படுகிறோம், எங்கிருந்து தொடங்குவது?" என்று சமீப காலமாகக் கேட்டு வருகிறார்கள். பெற்றோரில் சிலர் இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குகிறார்கள். வேறு சிலர் பணம் நிறையச் செலவாகுமென்று அஞ்சுகிறார்கள். இன்னும் சிலர், "பட்டம் பெற்ற எஞ்சினியர் பார்க்க வேண்டிய வேலை, நமக்கென்ன தெரியும்?" என்கிறார்கள். நாமோ மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு கடைக்கு வந்துவிட்டவர்கள். அப்படிப்பட்டவர்களும் செய்து பார்க்கக்கூடிய அளவில், பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பொதுவாக இப்பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் ரோபோ என்ற சொல்லைப் பார்ப்போம். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகமொன்றில்தான் இச்சொல் உலகுக்கு வந்தது. அவர்கள் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய வேலை. குடியானவன் தன் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய வேலை. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை.

சொல் புதிது, பொருள் பழையது. தானாக இயங்கும் யந்திரம் எதிலும் மூன்று காரியங்கள் இருக்கும். ஒன்றை அறிவது, அறிந்ததைக் கொண்டு ஒரு முடிவுக்கு வருவது, முடிவின்படி அசைவது. உங்கள் வீட்டு மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறும். ஓர் உயரத்துக்கு வந்ததும் அதன் கை குழாயை அடைத்துவிடும். தண்ணீர் இறங்கினால் குழாய் திறக்கும். மின்சாரம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஆயினும் அறிவது, முடிவு செய்வது, அசைவது ஆகிய மூன்றும் அந்த ஒரு பந்திலேயே அடங்கியிருக்கின்றன. இந்தப் பந்தை விளங்கிக்கொண்ட பிள்ளை ரோபோவில் பாதியை விளங்கிக்கொண்டது என்று தயங்காமல் சொல்வோம்.

இந்த வித்தையில் நம் முன்னோர் யார் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்ற மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். மூஸா பின் ஷாக்கிர் என்பவரின் மக்கள். ஆகவே 'பனூ மூஸா' என்று பெயர். கலீபா மஃமூன் ஆதரவில் கல்வி கற்ற இவர்கள் 850ஆம் ஆண்டு வாக்கில் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலை எழுதினார்கள். சுமார் நூறு உபாயங்கள் அதில் உள்ளன. தண்ணீரின் மட்டத்தைக் கொண்டே குழாய் தானாகத் திறந்து மூடும் வகைகளும் அவற்றில் சேர்ந்தவை. நாம் மேலே சொன்ன தொட்டிப் பந்தின் பாட்டனார் என்று அவற்றைச் சொல்லலாம்.

அவர்களுக்கு மூன்றரை நூற்றாண்டு கழித்து வந்தவர் இஸ்மாயீல் அல்ஜஸரீ. தியார்பக்கிரில் ஆண்ட அர்த்துகீ மன்னர் குடும்பத்திடம் சுமார் 25 ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1206இல் தம் நூலை முடித்தார். ஐம்பது யந்திரங்கள் அதில் படத்தோடு விவரிக்கப்பட்டுள்ளன. அந்த நூலை டொனால்ட் ஹில் என்ற அறிஞர் 1974இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அல்ஜஸரீயை நம் மேடைகளில் அடிக்கடி பெருமைக்காகப் பேசுகிறோம். பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெருமையன்று, வேலை செய்யும் முறை. முன்னிருந்தோர் எழுதி வைத்தவற்றில் பல, செய்து பார்த்துச் சோதிக்கப்படாதவை என்பதை அவர் கண்டார். ஆகவே தாமே செய்து, ஓட்டிப் பார்த்து, பிறகே எழுதினார். உருவத்தை முதலில் காகிதத்தில் வெட்டி ஒட்டிப் பார்ப்பார். சக்கரம் ஒருபுறம் கனக்காமல் சமநிலையில் நிற்கிறதா என்று பார்ப்பார். தண்ணீர் ஒழுகும் துளையை நேரத்தோடு ஒப்பிட்டுக் கொஞ்சங்கொஞ்சமாகச் சரிசெய்வார். பலகை நெளியாதிருக்க மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டுவார். இவை எல்லாம் இன்றும் ஒரு நல்ல பட்டறைக்காரர் செய்கிற காரியங்களே.

அவருடைய யானைக் கடிகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யானையின் வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் ஒரு கிண்ணம் மிதக்கிறது. கிண்ணத்தின் அடியில் சிறு துளை. துளை வழியாகத் தண்ணீர் மெல்ல ஏறி, அரை மணி நேரத்தில் கிண்ணம் நிறைந்து மூழ்கும். மூழ்கும்போது அது ஒரு கயிற்றை இழுக்கும். மேலே கோபுரத்தில் அடுக்கி வைத்த உலோகக் குண்டுகளில் ஒன்று விடுபட்டு, கீழே காத்திருக்கும் பாம்பின் வாயில் விழும். குண்டின் கனத்தால் பாம்பு தலை சாய்ந்து இறங்கும். பாகன் யானையை அடிப்பான், குண்டு ஒரு பாத்திரத்தில் விழுந்து ஓசை எழுப்பும். இவ்வளவும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. வித்தை தெரிந்தவர்கள் பார்க்க வேண்டியது வேறு. பாம்பு இறங்கும்போது, மூழ்கிய கிண்ணத்தை அதே பாம்புதான் சங்கிலியால் மேலே தூக்கிவிடுகிறது! கிண்ணம் காலியாகி மறுபடியும் மிதக்கிறது; பாம்பும் தன் இடத்துக்குத் திரும்புகிறது. மேலே குண்டு இருக்கும்வரை யாரும் தொடாமலே அரை மணிக்கொரு தரம் இது நடந்துகொண்டே இருக்கும். முடிந்த வேலையே அடுத்த வேலையைத் தொடங்கி வைக்கிற இந்த ஏற்பாடுதான் இன்றைய தானியங்கி யந்திரங்களுக்கெல்லாம் உயிர்நிலை. துபாயில் இப்னு பதூதா பெயரால் அமைந்த அங்காடி மாளிகையில் இக்கடிகாரத்தின் பெரிய மாதிரி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே போகிறவர்கள் யானையைப் படம் எடுத்ததோடு நில்லாமல் பாம்பையும் கவனிக்க.

மூழ்கும் கிண்ணம் இந்தியாவிலிருந்து போன உபாயம். நம் தமிழ்நாட்டில் அதற்கு நாழிகை வட்டில் என்று பெயர். ஒரு நாழிகை 24 நிமிஷம். ஒரு நாளுக்கு 60 நாழிகை.

ஆகையால் முதல் பயிற்சியை நாழிகை வட்டிலிலேயே தொடங்குவோம். காசு செலவில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையை நன்றாகச் சுரண்டி வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள். பால் டின்னாலும் ஆகும். அடியில் மெல்லிய ஊசியால் துளையிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, எத்தனை நிமிஷத்தில் மூழ்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் மூழ்கினால் துளையை மெழுகால் அடைத்து இன்னும் சிறியதாக இடுங்கள். தாமதமானால் சற்றே பெரிதாக்குங்கள். மிதக்காமல் சாய்ந்தால் ஒருபக்கம் கனம் அதிகம் என்று பொருள். மறுபக்கம் ஒரு சிறு கல்லை மெழுகால் ஒட்டுங்கள். சரியாக 24 நிமிஷத்துக்குக் கொண்டுவருவதற்குள் ஒரு பிள்ளை பத்துப் பதினைந்து தரம் முயற்சி செய்யும். ஒவ்வொரு தரமும் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். துளையையும் கனத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் வித்தியாசம் வந்தது என்று தெரியாது. விலையுயர்ந்த ரோபோப் பெட்டி வாங்கிக் கொடுத்தாலும் வராத பழக்கம் இந்தச் சிரட்டையால் வரும்.

இரண்டாவது பயிற்சிக்கு மின்சாரம் வேண்டும். பயப்பட வேண்டாம், இரண்டு சாதாரண பேட்டரிகள் போதும். பழுதான விளையாட்டுக் காரிலிருந்து சிறு மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கினாலும் சில ரிங்கிட்தான். ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் மேல் மோட்டாரை ஒட்டுங்கள். மோட்டாரின் அச்சில் ரப்பர் அழிப்பானிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் செருகுங்கள். நடுவில் செருகக் கூடாது, ஓரமாகச் செருக வேண்டும், அதுதான் சூட்சுமம். டம்ளரைச் சுற்றி மூன்று வண்ணப் பேனாக்களை, முனை கீழே இருக்கும்படி கால்களாக ஒட்டுங்கள். பேட்டரியை இணைத்தால் டம்ளர் ஆடிக்கொண்டே நடந்து, காகிதத்தில் கோலம் போடும்.

ஏன் நடக்கிறது? அச்சில் இருக்கும் கனம் ஒருபக்கமாகச் சுழலும்போது முழு டம்ளரையும் தன் பக்கம் இழுக்கிறது. துணி துவைக்கும் யந்திரத்தில் துணி ஒருபக்கம் சேர்ந்துகொண்டால் யந்திரமே தரையில் நகர்ந்து வருகிறதல்லவா, அதே காரணம். அல்ஜஸரீ சக்கரத்தின் சமநிலைக்கு அவ்வளவு சிரமப்பட்டது ஏன் என்று இப்போது பிள்ளைக்கு விளங்கும்.

நிற்க. மோட்டார் வேகமாகச் சுற்றும், ஆனால் அதற்குப் பலம் குறைவு. விரலால் பிடித்தால் நின்றுவிடும். வண்டி ஓட்டவோ கனம் தூக்கவோ பல்சக்கரங்கள் வேண்டும். நம் பகுதிப் பழைய தோட்டக்காரர்களுக்கு இதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்: ஷீட் மெசின். பால்மரத்துப் பாலைத் தட்டில் ஊற்றி, அமிலம் சேர்த்து உறையவைத்து, பிறகு இரண்டு இரும்பு உருளைகளுக்கிடையே கொடுத்துக் கையால் சுற்றி ஷீட்டாக்குவார்கள். முதலில் வழவழப்பான உருளை, கடைசியில் வரி போட்ட உருளை. பெரிய பல்சக்கரத்தைச் சிறிய பல்சக்கரம் சுற்றுவதால் கை பல சுற்றுச் சுற்ற, உருளை மெதுவாக, ஆனால் பலமாகத் திரும்பும். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிற வியாபாரம் இது. வியாபாரம் என்று சொன்னது நம் தொழில் புத்தி. ஆயினும் கணக்கு அதேதான், ஒன்றைக் கொடுக்காமல் மற்றொன்று கிடைக்காது. ரோபோ வண்டிக்கென்று கடைகளில் விற்கும் மஞ்சள் நிறப் பல்சக்கர மோட்டாரில், உள்ளே மோட்டார் 48 சுற்றுச் சுற்றினால் வெளியே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் வகைதான் சாதாரணமாகக் கிடைக்கிறது. பழைய ஷீட் மெசின் எங்காவது கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தால் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

தோட்டத்தைச் சொன்னதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. அந்தக் காலத் தோட்டத்து ஸ்டோரில் யந்திரம் நின்றால் பினாங்கிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது, பால் கெட்டுவிடும். ஆகவே அங்கேயே ஒரு ஃபிட்டர் இருப்பார். பள்ளிப் படிப்பு அதிகமிராது. ஆனால் உடைந்த பல்லை அரம் வைத்து ராவுவார், தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் புதியது கடைந்து போடுவார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின; ஃபிட்டர்களும் மறைந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எங்கே? கூலிமில் 1996இல் திறக்கப்பட்ட உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும், சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளிலும் பலர் வேலை செய்கிறார்கள். உலகத்து மோட்டார்களையும் மின்சாரக் கார்களையும் இயக்கும் சில்லுகள் கூலிமில் செய்யப்படுகின்றன. இன்ஃபினியன் கம்பெனி அங்கே 2006இல் தொடங்கியது. 2024இல் சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கென்று புதிய ஆலையும் திறந்தது. நம் பிள்ளைகள் அத்தகைய யந்திரங்களின் பக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். யந்திரம் சிவப்பு விளக்குக் காட்டினால் டெக்னீஷனைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவும் தோன்றாமல் போய்விட்டது பலருக்கு. ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஆலை, வேறு சிவப்பு விளக்கு. டெக்னீஷன் வேலைக்கு நம் பிள்ளைகள் மனுச் செய்யும்போது, "எதையாவது கழற்றிப் பூட்டியிருக்கிறாயா?" என்று கேட்டால் பதில் வேண்டாமா? நாம் இதை எழுதுவதற்கு உள்ளபடியான காரணம் இதுதான்.

கழற்றிப் பூட்டுவது என்றதும் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களின் நினைவு வருகிறது. 1893இல் பிறந்து 1974இல் மறைந்தவர். பள்ளியில் அதிகம் படிக்காதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர் சுற்றவில்லை. துண்டு துண்டாகக் கழற்றி மீண்டும் பூட்டிக் கற்றுக்கொண்டார். 1920இல் பஸ் ஓட்டத் தொடங்கினார். பின்னர் மின்சாரச் சவரக் கத்தி முதலிய பலவும் செய்தார். நம் வீட்டிலும் ஓடாத பிரிண்டர், பழைய டி.வி.டி. பெட்டி, உடைந்த விளையாட்டுச் சாமான்கள் இருக்கும். பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் பிள்ளைகளிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு கொடுங்கள். மோட்டார், பல்சக்கரம், அச்சு, ஸ்பிரிங் எல்லாம் அதிலேயே கிடைக்கும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய குழாய் டி.வி.யையும் ஒருக்காலும் திறக்கவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றினுள் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். சுவர் மின்சாரம் 240 வோல்ட். பிள்ளைகள் பேட்டரியோடு நிற்கட்டும். கைப்பேசியிலிருந்து எடுத்த லித்தியம் பேட்டரியும் வேண்டாம். குத்தினாலோ மடங்கினாலோ தீப்பிடிக்கும். ஈயப்பற்று வைக்கிற பிள்ளை சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மூன்றாவது பயிற்சி பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் உதவுவது. தொட்டி நிறைந்ததும் கூவும் மணி. தேவையானவை: பிசி547 என்ற டிரான்சிஸ்டர் ஒன்று, ஒரு கிலோ ஓம் தடை ஒன்று, பேட்டரி கொடுத்தால் தானாகவே ஒலிக்கும் சிறு பஸர் ஒன்று, ஒன்றரை வோல்ட் பேட்டரி நான்கு, கொஞ்சம் ஒயர். டிரான்சிஸ்டரின் தட்டைப் பக்கத்தை உங்களை நோக்கி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மூன்று கால்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து பஸருக்கு, பஸரிலிருந்து கலெக்டருக்கு; எமிட்டரிலிருந்து பேட்டரியின் மைனஸ் முனைக்கு. இது பெரிய பாதை. இனிச் சிறிய பாதை: பிளஸ் முனையிலிருந்து ஒரு தனி ஒயரைத் தொட்டிக்குள் விடுங்கள். இன்னொரு ஒயரைத் தொட்டியிலிருந்து தடை வழியாகப் பேஸுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ஒயர்களின் நுனியும் ஒன்றையொன்று தொடாமல், தண்ணீர் நிறையும் மட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் ஏறி இரண்டு நுனிகளையும் தொட்டதும் மிகச் சிறிய மின்சாரம் தண்ணீர் வழியே பேஸுக்குப் போகும். அது பெரிய பாதையைத் திறந்துவிட, பஸர் கூவும்.

இதில் டிரான்சிஸ்டர் செய்வது என்ன? மதகில் நிற்கும் காவற்காரன் போல, சிறிய சைகையைக் கண்டு பெரிய கதவைத் திறக்கிறது. மூடா வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒயர் நுனிகள் நாளடைவில் பச்சைப் படிந்து அரித்துப் போகும். மின்சாரம் தண்ணீரில் செல்வதால் வருவது. மணி கூவியதும் குழாயை மூடிவிட்டால் நீண்ட நாள் வரும். மாதம் ஒருமுறை உப்புக் காகிதத்தால் தேய்த்துவிட வேண்டும்.

இம்மூன்றும் கைவந்த பிள்ளைகளுக்குத்தான் 'போர்டு' என்று சொல்லப்படும் சிறு கம்ப்யூட்டரைக் கொடுக்க வேண்டும் என்பது நம் கட்சி. முதலிலேயே அதை வாங்கிக் கொடுத்தவர்கள், பிள்ளை நாலு விளக்கை மினுக்கிவிட்டு மூலையில் போட்டுவிட்டது என்று குறைப்படுகிறார்கள். இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் 2005இல், எஞ்சினியரிங் படிக்காத மாணவர்களுக்காகவே அர்டூயினோ என்ற போர்டு செய்யப்பட்டது. அதன் அமைப்பை யாரும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டதால் விலை மலிவாக எங்கும் கிடைக்கிறது. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் முன்னின்று 2016இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த மைக்ரோபிட் என்பதும் தொடங்குவோருக்கு ஏற்றது. நம் நாட்டில் 2017இல் முதலாம் படிவத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும், கணினி அறிவியல் அடிப்படை ஆகிய பாடங்கள் தொடங்கப்பட்டதால் பல பிள்ளைகள் இவற்றைப் பள்ளியிலேயே கண்டிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். போர்டின் காலில் மோட்டாரை நேரே இணைக்காதீர்கள். போர்டின் ஒரு கால் 20 மில்லி ஆம்பியர் அளவே தாராளமாகத் தரும், மோட்டார் அதைப்போல் பல மடங்கு கேட்கும், போர்டு கருகும். மேலே சொன்ன காவற்காரனை, அதாவது டிரான்சிஸ்டரையோ மோட்டார் டிரைவரையோ நடுவில் வைக்க வேண்டும். ரோபோவைத் தொடங்கி விட்டுவிட்டவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்திருக்கிறார்கள்.

போர்டு கைக்கு வந்ததும் என்ன செய்வது? கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் வண்டியை எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன, நல்லதுதான். கறுப்பு நிறம் ஒளியைக் குறைவாகத் திருப்பும், வெள்ளை அதிகமாகத் திருப்பும் என்பதே அதன் சூட்சுமம். நாம் வேறொன்றைச் சொல்கிறோம். ஒளுச் செய்யும் குழாய்.

மன்னர் தம் கைக்குப் பணியாள் தண்ணீர் ஊற்றி ஒளுச் செய்வதை விரும்பாமல், அதற்கொரு யந்திரம் செய்யச் சொன்னார் என்று அல்ஜஸரீயே எழுதியிருக்கிறார். அதற்காக அவர் செய்த பாத்திரங்கள் அந்த நூலில் உள்ளன. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்பது ஹதீஸ். முத்து என்பது சராசரி மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் ஓர் அள்ளு. லிட்டர்க் கணக்கு மத்ஹபுகளிடையே சற்று வித்தியாசப்படும், ஆனால் சுமார் ஒரு லிட்டரைத் தாண்டாது. இப்போது நம் பள்ளிவாசல் குழாயைத் திறந்து, நீங்கள் வழக்கமாக ஒளுச் செய்யும் நேரத்துக்கு ஒரு வாளியைக் கீழே வைத்துப் பாருங்கள். அளந்த பிறகு நம்மோடு பேசுங்கள்!

பிள்ளைகள் செய்ய வேண்டியது இது. கை நீட்டினால் அறியும் கண்ணாக ஓர் அகச்சிவப்பு உணர்வி, ஐந்து வோல்ட்டில் ஓடும் சிறு பம்பு, நடுவில் காவற்காரன், போர்டு. போர்டுக்கு எழுதும் கட்டளை தமிழில் சொன்னால் இவ்வளவே: கை இருக்கிறதா பார், இருந்தால் பம்பை ஓட்டு, இல்லையென்றால் நிறுத்து, மறுபடியும் பார். இதற்குமேல், பம்பு மொத்தம் எத்தனை விநாடி ஓடியது என்று கூட்டச் சொல்லலாம். ஒரு நிமிஷத்தில் அந்தப் பம்பு எவ்வளவு ஊற்றுகிறது என்பதை அளவுச் சாடியில் முதலிலேயே அளந்திருந்தால், ஓர் ஒளுவுக்கு எவ்வளவு தண்ணீர் போயிற்று என்பதைப் போர்டே சொல்லிவிடும். சிரட்டையில் கற்ற அளவெடுக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும். தண்ணீர் அருகே இருப்பதால் பேட்டரியையும் போர்டையும் மூடியுள்ள டப்பாவில் வைத்து, தொட்டியைவிட உயரத்தில் வைக்க வேண்டும்.

இரண்டொரு ஆட்சேபங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். உருவம் செய்வது பற்றிச் சிலர் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயமானதே. அல்ஜஸரீ மன்னர் மாளிகைக்காக ஆள் உருவங்களும் பறவை உருவங்களும் செய்தார் என்பது உண்மை, அதை மறைப்பதற்கில்லை. நமது பாடத்துக்கு முகமும் வேண்டாம், உருவமும் வேண்டாம். டம்ளரும் குழாயும் யாருடைய உருவமுமன்று. அதற்கு மேல் சந்தேகமிருந்தால் உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். பெண் பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். தையல் மெசினில் நூல் அறுந்தால் காரணம் கண்டு சரிசெய்கிறவர்கள் நம் வீடுகளில் யார் என்று அவரையே யோசிக்கச் சொல்கிறோம். வீண் விரயம் என்போருக்குப் பதில், நாம் மேலே எழுதிய சாமான் பட்டியலைப் படித்துப் பார்க்கட்டும். ஒரு குடும்பம் நாசி கண்டார் கடையில் ஒருவேளை சாப்பிடும் பணம் மூன்று பயிற்சிக்கும் மிஞ்சும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நமது சங்க மண்டபத்தின் பின்னறை வாரத்தில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் குடும்பத்துக்கும் போய்விடும். சனிக்கிழமை காலை குர்ஆன் வகுப்பு முடிந்தபின் இரண்டு மணி நேரம் அந்த அறையைத் திறந்துவிட நிர்வாகக் குழுவினர் அனுமதிக்க வேண்டும். ஒரு நீண்ட மேசை, ஒரு விளக்கு, முதலுதவிப் பெட்டி ஒன்று போதும். பீடோங், குரூண், பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துச் சிரமம் உண்டு. வேன் வைத்திருக்கும் அன்பர்கள் அதைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைகளில் டெக்னீஷன்களாக இருக்கும் நம் சகோதரர்கள் மாதம் ஒரு சனிக்கிழமையாவது வந்து உட்கார வேண்டும். பழைய ஃபிட்டர்கள் யாரேனும் இன்னும் இருந்தால், அவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

அனுமதி கிடைத்ததும் வகுப்பு தொடங்கும், இன்ஷா அல்லாஹ். முதல் நாள் வரும் பிள்ளைகள் ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு மெல்லிய ஊசி, ஒரு துண்டு மெழுகுவர்த்தி, கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று கொண்டு வரவும். வாளியும் தண்ணீரும் நாம் வைத்திருப்போம்.